மேஜர் பைக்கின் படமும் பெட்டியும்

மலர்க் குழு நண்பர்கள் "ஏதாவது எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டார்கள். விடுதிச் சாப்பாடு, கடைசி பெஞ்சு, கல்லூரி நாள் நாடகம் பற்றியெல்லாம் எழுத நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பழையபடி வரலாற்று வகுப்பிலேயே உட்கார்ந்து கொள்கிறேன்.

எங்கள் பேராசிரியர் ஒருவர் அடிக்கடி ஒன்று சொல்வார். "படத்துக்கு உட்காரும்போது எல்லாரும் வீரன்தான்டா. அவன் எழுதின காகிதத்தைப் பார்." அன்றைக்கு அதைக் கேட்டுச் சிரித்தோம். பரீட்சைக்கு அது வராது என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்தது. பல ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, பிலடெல்பியா நகரில் ஒரு படத்தின் முன்னால் நின்றேன். அப்போதுதான் அவர் சொன்னது சட்டென்று உறைத்தது.

அது ஜெபுலன் மான்ட்கோமரி பைக் என்ற ராணுவ அதிகாரியின் மார்பளவு ஓவியம். (மோட்டார் பைக்குக்கும் இவருக்கும் சம்பந்தம் கிடையாது!) வரைந்தவர் சார்லஸ் வில்சன் பீல், ஆண்டு 1808. அதே ஆண்டில்தான் பைக்குக்கு மேஜர் பதவி கிடைத்திருந்தது. வயது 29. ராணுவச் சீருடை, உயர்ந்த கழுத்துப் பட்டி, நேர்கொண்ட பார்வை. தோல்வி என்றால் என்னவென்றே தெரியாத முகம். ஆனால் அந்தப் படத்துக்கு உட்கார்ந்த நாளில், இந்த மனிதர் எழுதிய காகிதங்களில் ஒரு கட்டு அந்நிய அரசின் கையில் இருந்தது. அது மறுபடியும் வெளிச்சத்துக்கு வர நூறு ஆண்டுகள் பிடித்தன. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் கொஞ்சம் பின்னணி. 1803-ல் அமெரிக்கா பிரான்சிடமிருந்து லூசியானா என்ற மாபெரும் நிலப்பரப்பை ஒன்றரைக் கோடி டாலருக்கு வாங்கியது. வாங்கினார்களே தவிர, வாங்கியது எதுவரை என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. மேற்கிலும் தென்மேற்கிலும் ஸ்பெயின் ஆட்சி. எல்லைக் கல் கிடையாது, நம்பகமான வரைபடம் கிடையாது. ஜனாதிபதி ஜெபர்சன் லூயிஸ், கிளார்க் என்ற இரு அதிகாரிகளை 1804-ல் பசிபிக் கடல் வரை அனுப்பினார். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இடம் பிடித்தவர்கள் அவர்கள்தான். பைக்கை அனுப்பியது ஜனாதிபதி அல்ல. ராணுவத்தின் தலைமைத் தளபதியான ஜெனரல் ஜேம்ஸ் வில்கின்சன். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். பைக்கின் தலையெழுத்தே இதில்தான் இருக்கிறது.

பைக் 1779-ல் நியூ ஜெர்சி மாநிலத்தில் பிறந்தவர். அப்பாவும் ராணுவ அதிகாரி. பையன் இளம் வயதிலேயே ராணுவத்தில் சேர்ந்துவிட்டார். 1805 ஆகஸ்டில், இருபது வீரர்களோடு, மிசிசிப்பி ஆறு பிறக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க செயின்ட் லூயிஸிலிருந்து படகில் புறப்பட்டார். குளிர்காலப் பனியில் நடந்து, லீச் ஏரி வரை போய், இதுதான் மூலம் என்று முடிவு கட்டித் திரும்பினார். அது தப்பு. உண்மையான மூலம் இட்டாஸ்கா ஏரி என்பது 1832-ல்தான் உறுதியானது. முதல் பயணத்திலேயே ஒரு சறுக்கல்.

வந்த களைப்பு தீருவதற்குள் அடுத்த உத்தரவு. 1806 ஜூலை 15-ம் தேதி இரண்டாவது பயணம் தொடங்கியது. சிறை மீட்கப்பட்ட ஓசேஜ் பழங்குடியினரை அவர்கள் ஊரில் கொண்டு சேர்க்க வேண்டும். மற்றப் பழங்குடியினரோடு சமாதானம் பேச வேண்டும். ஆர்கன்சா ஆறு, சிவப்பு ஆறு இரண்டின் தலைப்பகுதிகளையும் ஆராய வேண்டும். இதெல்லாம் வெளிப்படையான வேலை. சிவப்பு ஆற்றின் தலைப்பகுதி எங்கே இருக்கும் என்று நினைத்தார்கள்? ஸ்பெயின்காரர்களின் சாண்டா ஃபே நகரத்துப் பக்கம்தான். புரிகிறதல்லவா?

நவம்பர் 15-ம் தேதி, தூரத்தில் சின்ன நீல மேகம் போல ஏதோ தெரிந்தது. தொலைநோக்கியில் பார்த்தால் மலை! ஒரே நாளில் ஏறி இறங்கிவிடலாம் என்று கிளம்பினார்கள். உடம்பில் பருத்தித் துணிதான். நவம்பர் 27-ம் தேதி, பக்கத்தில் இருந்த ஒரு சிறிய சிகரத்தின் மேல் இடுப்பளவு பனியில் நின்றபடி, எதிரே இன்னும் எத்தனையோ மைல் தள்ளி நிற்கும் பெரிய சிகரத்தைப் பார்த்தார்கள். இதன் உச்சியை எந்த மனிதனும் தொட்டிருக்க முடியாது என்ற பொருளில் நாட்குறிப்பில் எழுதிவிட்டுத் திரும்பி விட்டார் பைக். 14,115 அடி உயரமுள்ள அந்த மலைக்குத்தான் இன்று 'பைக்ஸ் பீக்' என்று பெயர். ஏற முடியாதவரின் பெயர் மலைக்கு நிலைத்துவிட்டது. 1820-ல் எட்வின் ஜேம்ஸ் என்பவர் ஏறிக் காட்டினார். அவர் பெயர் இந்த மலைக்கு ஒட்டவில்லை. உலகத்தில் பெயர் நிற்பதற்கு எந்த நியாயமும் கிடையாது போலும்.

மலையாவது போகட்டும். அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. ஒரு ஆற்றைக் கண்டு, அதுதான் தேடி வந்த சிவப்பு ஆறு என்று நம்பி, பனியிலும் பாறையிலும் வழுக்கி விழுந்து அதன் போக்கிலேயே இறங்கினார்கள். 1807 ஜனவரி 5-ம் தேதி பைக் குன்றின் மேல் ஏறிப் பார்த்தார். கீழே தெரிந்தது சில வாரங்களுக்கு முன் தாங்கள் விட்டுக் கிளம்பிய ஆர்கன்சா ஆறு! சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்திருக்கிறார்கள். அன்றைக்கு அவருக்கு 28-வது பிறந்த நாள். இது மாதிரி ஒரு பிறந்த நாள் இனி வரவே கூடாது என்று அன்றே எழுதி வைத்தார்.

மறுபடி மலையைக் கடந்தார்கள். வீரர்களுக்குக் கால்கள் பனியில் வெந்து போயின. நடக்க முடியாதவர்களை, கொஞ்சம் உணவையும் துப்பாக்கியையும் கொடுத்து, வழியிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டிய நிலை. பிறகு ஆள் அனுப்பியபோது, நடக்க முடியாத ஸ்பார்க்ஸ், டோகர்ட்டி என்ற இருவர், தங்கள் பாதத்திலிருந்து கழன்று விழுந்த எலும்புகளையே பைக்குக்குக் கொடுத்து அனுப்பினார்கள். எங்களை இங்கேயே சாக விட்டுவிடாதீர்கள் என்பதுதான் அதன் பொருள். அதைக் கையில் வாங்கிய மனிதரின் முகத்தை பீல் வரையவில்லை. படத்துக்கு உட்கார்ந்தது வேறு முகம்.

பிப்ரவரியில் கோனேஹோஸ் என்ற சிற்றாற்றின் கரையில் மரத்தால் ஒரு சிறு கோட்டை கட்டி, அமெரிக்கக் கொடியையும் ஏற்றினார் பைக். 26-ம் தேதி ஸ்பெயின் வீரர்கள் சுமார் நூறு பேர் வந்து நின்றார்கள். "ஐயா, இது சிவப்பு ஆறு இல்லை. ரியோ கிராண்டே" என்று மரியாதையாகவே சொன்னார்கள். அதாவது ஸ்பெயின் மண்ணில் கோட்டை கட்டியிருக்கிறார்! பைக் உடனே கொடியை இறக்கச் சொன்னார்.

அவர் உண்மையிலேயே வழி தவறினாரா, அல்லது வழி தவறியது போல நடித்து வேவு பார்க்க வந்தாரா? இருநூறு ஆண்டுகளாக வரலாற்று ஆசிரியர்கள் இதைத்தான் கேட்டுக் கொண்டிருக்கிறார்கள். படத்தைப் பார்த்தால் பதில் கிடைக்காது. இனி காகிதத்துக்கு வருவோம்.

சாண்டா ஃபே நகருக்குக் கொண்டு போகப்பட்டபோது பைக் ஒரு தந்திரம் செய்தார். முக்கியமான காகிதங்களைத் தம் வீரர்களின் உடைக்குள் ஒளித்து வைத்தார். ஆளுநர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்து விட்டார். ஆனால் அந்த ஊர்ப் பெண்கள், பரதேசியாய் வந்த வீரர்கள் மேல் இரக்கப்பட்டு, திராட்சை மதுவாக ஊற்றி உபசரித்தார்கள். குடித்துவிட்டு யாராவது உளறிவிட்டால் என்ன செய்வது? பைக்குக்குப் பயம் வந்துவிட்டது. சோதனைதான் முடிந்துவிட்டதே என்று, ஒருவனிடம் இருந்த நாட்குறிப்பைத் தவிர மற்றக் காகிதங்களை எல்லாம் திரும்ப வாங்கிப் பெட்டிக்குள் வைத்தார். மறுநாள் காலையில் ஒரு அதிகாரி வந்து நின்றார். "பெட்டியைக் கொடுங்கள்." போயிற்று! அதிபுத்திசாலித்தனம் சில நேரம் இப்படித்தான் காலை வாரிவிடும்.

அங்கிருந்து சிவாவா நகரம். படைத்தலைவர் நெமெசியோ சால்செடோ பெட்டியைத் திறக்க வைத்து, ஒவ்வொரு காகிதமாகப் பார்த்து, பட்டியல் போட்டு எடுத்து வைத்துக் கொண்டார். கடிதங்கள், கடிதப் பிரதிகள், ஆற்றின் திசையும் தூரமும் குறித்த ஏடு, கையால் வரைந்த நிலப்படங்கள். பைக்கை மட்டும் காவலோடு அமெரிக்க எல்லைக்கு அனுப்பி வைத்தார். வழியில் குறிப்பு எடுக்கக் கூடாது என்று தடை. நம்மாள் விடுவாரா? முன்னால் குதிரையைத் தட்டிவிட்டுப் போய், ஒரு ஆளைக் காவலுக்கு நிறுத்திவிட்டு, புதர் மறைவில் உட்கார்ந்து எழுதினார். எழுதியதைச் சுருட்டித் தம் வீரர்களின் துப்பாக்கிக் குழல்களுக்குள் செருகினார். 1807 ஜூலை 1-ம் தேதி லூசியானாவிலுள்ள நாகிடோஷ் வந்து சேர்ந்தபோது, குழலிலிருந்து குண்டுக்குப் பதிலாகக் காகிதம் வெளியே வந்தது. பைக் வந்துவிட்டார். மலையில் பின்தங்கிப் பிறகு பிடிபட்ட வீரர்களில் சிலர் மெக்சிகோவிலேயே ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அவர்களுக்கு ஓவியமும் இல்லை, மலையும் இல்லை.

ஊர் திரும்பியவருக்கு மாலை மரியாதை காத்திருந்ததா என்றால் இல்லை. அவர் மலையில் குளிரோடு போராடிக் கொண்டிருந்த மாதங்களில், முன்னாள் துணை ஜனாதிபதி ஆரன் பர், மேற்குப் பகுதியில் தனி ராஜ்யம் அமைக்கச் சதி செய்ததாகப் பிடிபட்டிருந்தார். அந்தச் சதியில் முதலில் கூட்டாளியாக இருந்து, பிறகு காட்டிக் கொடுத்தவர் யார் தெரியுமா? பைக்கை அனுப்பிய அதே ஜெனரல் வில்கின்சன்! அதைவிட மோசம் இன்னொன்று. அமெரிக்கப் படையின் தலைமைத் தளபதியான அந்த மனிதர் ஸ்பெயின் அரசிடமே ரகசியமாகப் பணம் வாங்கிக் கொண்டிருந்தார். ஸ்பெயின் ஆவணங்களில் அவருக்குப் பெயர் 'ஏஜெண்ட் 13'. ஸ்பெயினிடம் சம்பளம் வாங்குகிறவர், ஸ்பெயினை வேவு பார்க்க பைக்கை அனுப்பியிருக்கிறார். இரண்டு பக்கமும் மத்தளம் கொட்டியவரிடம் சேவகம் பார்த்தால் பழி யார் தலையில் விழும்? "இவனும் சதிகாரக் கூட்டம்தானே" என்று பைக்கைப் பார்த்துப் பேசினார்கள். போர் அமைச்சர் டியர்பார்ன் அவருடைய சேவையைப் பாராட்டிக் கடிதம் கொடுத்தார். ஆனாலும் லூயிஸ், கிளார்க் இருவருக்கும் கிடைத்தது போன்ற நிலமும் பணமும் காங்கிரசிடமிருந்து பைக்குக்குக் கிடைக்கவே இல்லை.

சந்தேகத்தைத் துடைக்கக் காகிதம் வேண்டும். காகிதமோ சால்செடோவிடம்.

அந்தச் சூழ்நிலையில்தான் பீல் அவரை வரைந்தார். பீல் சாதாரண ஓவியர் அல்ல. சுதந்திரப் போரில் டிரென்டன், பிரின்ஸ்டன் களங்களில் நின்றவர். பிலடெல்பியாவில், சுதந்திரப் பிரகடனம் கையெழுத்தான அதே கட்டடத்தின் மாடியில் அருங்காட்சியகம் நடத்தினார். பாடம் செய்த மிருகங்கள் கீழே. நாட்டுக்கு உழைத்தவர்களின் முகங்கள் மேலே வரிசையாக. இதில் ஒரு வேடிக்கை உண்டு. பைக் மெக்சிகோவிலிருந்து இரண்டு கரடிக் குட்டிகளைக் கூண்டில் கொண்டு வந்து ஜெபர்சனுக்கு அனுப்பியிருந்தார். ஜனாதிபதி மாளிகையில் கரடி வளர்க்க முடியுமா? ஜெபர்சன் அவற்றை 1808-ல் பீலுக்கே தள்ளி விட்டார். வளர வளர அவை மூர்க்கமாகி, ஒன்று கூண்டை விட்டு வீட்டுக்குள்ளேயே புகுந்துவிட, கடைசியில் இரண்டையும் கொன்று பாடம் செய்து வைத்தார்கள். ஆக, பைக்கின் முகமும் பைக்கின் கரடிகளும் ஒரே கூரையின் கீழ். 1854-ல் பீலின் படங்கள் ஏலத்துக்கு வந்தபோது பிலடெல்பியா நகராட்சி பலவற்றை வாங்கியது. நான் பார்த்த படம் இன்று அந்நகரின் சுதந்திர தேசிய வரலாற்றுப் பூங்காவுக்குச் சொந்தம்.

1810-ல் பைக் தம் பயண நூலை வெளியிட்டார். மறு ஆண்டே லண்டனில் பதிப்பு வந்தது. பிரெஞ்சு, ஜெர்மன், டச்சு மொழிகளிலும் வந்தது. சாண்டா ஃபே நகரில் எந்தச் சரக்கு என்ன விலை என்று அதில் படித்த வியாபாரிகளுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. 1821-ல் மெக்சிகோ விடுதலை பெற்றதும் அந்தப் பாதையில் வண்டிகள் ஓடத் தொடங்கின. இவ்வளவு இருந்தும், பதிப்பாளர் நொடித்துப் போனதால் பைக்குக்குப் பிரயோசனம் இல்லை. இன்னொரு குறையையும் மறைக்கக் கூடாது. நூலில் சேர்த்த நியூ ஸ்பெயின் வரைபடம் தம்முடையதைப் பார்த்து எடுத்தது என்று ஜெர்மானிய அறிஞர் ஹம்போல்ட் 1811-ல் ஜெபர்சனுக்கே புகார் எழுதினார். புகாரில் நியாயம் இருந்தது. தன் நிலப்படங்கள் பறிபோனவர் பிறர் நிலப்படத்தில் கை வைத்தார். காரணம் புரிகிறது, அதற்காகச் சரியாகிவிடாது.

1813 மார்ச்சில் பைக் பிரிகேடியர் ஜெனரல் ஆனார். ஏப்ரல் 27-ம் தேதி கனடாவில் யார்க் நகரை (இன்றைய டொராண்டோ) தாக்கிய படைக்கு அவரே தலைமை. பின்வாங்கிய பிரிட்டிஷார் வெடிமருந்துக் கிடங்கைக் கொளுத்தி விட்டுப் போனார்கள். பறந்து வந்த கல் பட்டு விழுந்தார். பிடிபட்ட பிரிட்டிஷ் கொடியைத் தலைக்கு அணையாக வைத்தார்கள். கப்பலிலேயே உயிர் பிரிந்தது. வயது 34. பெட்டி திரும்பி வரவில்லை. பேரில் விழுந்த கறையும் முழுதாகப் போகவில்லை.

இனி 1907. ஹெர்பர்ட் யூஜின் போல்டன் என்ற வரலாற்று ஆசிரியர், அமெரிக்க வரலாறு சம்பந்தமாக மெக்சிகோவின் ஆவணக் களரிகளில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் எடுத்துக் கொண்டிருந்தார். மெக்சிகோ நகரில் ஒரு கட்டைப் பிரித்தால், பைக்கின் காகிதங்கள்! சரியாக நூறு ஆண்டு. நடுவே ஸ்பெயின் ஆட்சி போயிற்று. மெக்சிகோ விடுதலை வந்தது. சக்கரவர்த்தி வந்தார், சுடப்பட்டார். அமெரிக்கப் படையே 1847-ல் அந்த நகருக்குள் புகுந்தது. அத்தனையிலும் கட்டு அவிழவில்லை. 1908-ல் போல்டன் அவற்றை அச்சில் கொண்டு வந்தார். 1910-ல் மூலக் காகிதங்கள் அமெரிக்காவுக்கே திரும்பின. இப்போது தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. டொனால்ட் ஜாக்சன் 1966-ல் இவற்றையும் சேர்த்து, பைக்கின் எழுத்துகளை இரண்டு பெரிய தொகுதிகளாகப் பதிப்பித்தார்.

சரி, காகிதங்கள் என்ன தீர்ப்புச் சொல்கின்றன? ஆரன் பர் சதியில் பைக்குக்குப் பங்கு இருந்ததாக இதுவரை எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை. தம் தளபதி யாரிடம் சம்பளம் வாங்குகிறார் என்று அவருக்குத் தெரிந்ததாகவும் ஆதாரம் இல்லை. அந்தப் பழி போயிற்று. ஆனால் முழு அப்பாவியும் இல்லை. 1806 ஜூலை 22-ம் தேதி, பயணம் தொடங்கிய ஒரே வாரத்தில், வில்கின்சனுக்கு அவர் ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். ஸ்பெயின்காரர்கள் எதிர்ப்பட்டால் ஆற்றின் வழி தெரியாமல் வந்துவிட்டோம் என்று சொல்லிக் கொள்ளலாம், அப்படியே சாண்டா ஃபேயையும் போய்ப் பார்த்து வரலாம் என்ற யோசனை அதில் இருக்கிறது. அப்படியானால் நடிப்பா? ஆனால் திசையும் தூரமும் குறித்த அந்தக் குறிப்புகளோ, மனிதர் உண்மையாகவே மலைக்குள் தடுமாறியதைக் காட்டுகின்றன. வழி தவறியதாக நடிக்கத் திட்டம் போட்டவர், நிஜமாகவே வழி தவறிப் போனார் என்பதே என் கட்சி. எலும்பு கழன்ற பாதங்கள் நடிப்பாக இருக்க முடியாது.

பீல் வரைந்ததும் பொய் இல்லை. மேஜர் பைக் அப்படித்தான் இருக்க விரும்பினார். யார்க்கில் அப்படியேதான் விழுந்தார். படம் அவர் விரும்பியதைச் சொல்கிறது. அவர் பட்டதைக் காகிதம்தான் சொல்கிறது. அதைக் காப்பாற்றிக் கொடுத்தது பாருங்கள், அவரிடமிருந்து பிடுங்கிக் கொண்ட எதிரி! பறித்த சால்செடோ பட்டியல் போட்டுக் கட்டி வைக்காமல் அடுப்பில் போட்டிருந்தால், நமக்கு மிஞ்சியிருப்பது ஒரு படமும் ஒரு சந்தேகமும்தான்.

இதை ஏன் நம் சந்திப்பு மலரில் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். நம் வகுப்பு குரூப் போட்டோ என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. எல்லாரும் விறைப்பாக, படத்துக்கென்றே வைத்துக் கொண்ட முகத்தோடு நிற்கிறோம். மூன்றாவது வரிசையில் நாலு பேர் பெயர் எனக்கு மறந்து விட்டது. பின்பக்கம் யாரும் எழுதி வைக்கவில்லை. உங்களில் யாரிடமாவது அந்த ஆண்டு விடுதிக் கணக்கு நோட்டோ, நாடக நோட்டீசோ, விடுமுறையில் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதமோ பரணில் கிடந்தால், தயவு செய்து பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். சந்திப்பு நாளன்று கையோடு கொண்டு வாருங்கள். நான் போட்டோவைக் கொண்டு வருகிறேன். எல்லாரும் உட்கார்ந்து பெயர்களை எழுதுவோம்.

இப்படிப்பட்ட வேலையை நமக்காக வேறு யாரும் செய்து தர மாட்டார்கள். நம்மிடம் பறித்து வைத்துக் கொள்ள ஒரு சால்செடோவும் இல்லையே!